தொய்வு

கனடாவிலிருந்து நைனா முகமது அனுப்பிய பெட்டியில்
ஒரு கோல், மூன்று உருளைக் கயிறு.
மஞ்சள் மிதக்கும்.
கறுப்பு மூழ்கும்.
மூன்றாவது மிதந்துகொண்டே
மூக்கை மட்டும் தண்ணீருக்குள் விடும்.
'ஒங்க ஆத்துக்கு எது சரின்னு நீதான் சொல்லணும்,
நீ லைன்மேன் ஆச்சே'
என்று குரல் பதிவில் சிரித்திருந்தான்.

சிரித்தாலும் விஷயம் உண்டு.
இருபத்திரண்டு வருடமாகக்
கம்பியை அண்ணாந்து பார்த்துத்தான் சோறு.
இரண்டு கம்பத்துக்கு நடுவில் எவ்வளவு தொய்வு விடலாம்,
சித்திரை வெயிலில் எத்தனை சாண் இறங்கும்
என்று கண்ணாலேயே சொல்வேன்.

நம் தூண்டிலில் எடை நுனியில்.
ஈயம் போகும், தங்கூசி பின்னால் ஓடும்.
இதில் நுனியில் ஒன்றுமே இல்லை:
இடும்பையன் வீட்டுச் சேவலின் கழுத்திறகு நான்கு,
பவுன்ராணியின் கல்யாணப் புடவையில்
கேட்காமல் உருவிய ஜரிகை,
ஒரு முள்.
ஊதினால் பறக்கும்.
எடை முழுவதும் கயிற்றுக்குள்.
கயிறுதான் போகிறது.
பூச்சி, பஸ்ஸில் ஏறிய ஈ மாதிரி
டிக்கெட் இல்லாமல் கூடப் போகிறது.

ஜாம்பவானோடைக்குப் போகும் வழியில்
கோரையாற்றின் கடைசி ரெகுலேட்டர்.
ஆனி மாதம், காலை ஐந்தே முக்கால்.
மேட்டூர் திறந்து பதினேழாம் நாள்.
தண்ணீர் அப்போதுதான் வந்து,
ஒற்றைச் செருப்பையும் தெர்மாகோலையும்
முன்னே தள்ளிக்கொண்டு நின்றது.

முதலில் மேலே பார்த்தேன்.
தொழில் பழக்கம்.
கோல் கார்பன், ஒன்பது அடி.
கரையோரம் பதினோரு கேவி போகிறது,
இழுத்துக் கட்டியவனே நான்தான்.
முப்பது எட்டு தள்ளிப் போய் நின்றேன்.

கறுப்பு, ஷட்டருக்கு அடியில்
எதையோ பிடித்துக்கொண்டது.
மீன் என்று ஏமாறவில்லை.
அந்த இழுவை எனக்குத் தெரியும்.
கஜா அடித்த வருடம் இதே மடுவிலிருந்து
முந்நூறு மீட்டர் கம்பியை ஏழு பேர் இழுத்தோம்,
இடுப்பளவு சேற்றில்.
கரையில் நின்ற சனம்
திட்டிக்கொண்டே டீ கொடுத்தது.
அவ்வளவு நீளமாக
நான் வேறெதையும் பிடித்ததில்லை.

மூன்றாவதன் மூக்கு ஆகாயத்தாமரைக்குப் போயிற்று.

மஞ்சள்.
பத்து மணியில் நிறுத்து, இரண்டு மணியில் நிறுத்து
என்பது நைனா சொன்ன கடிகாரம்.
நான் நிறுத்தினேன். கயிறு நிற்கவில்லை.
காதில் விழுந்தது, சட்டைக் காலரில் விழுந்தது.
பாலத்துக் கைப்பிடியில் உட்கார்ந்து
இடும்பையன் எண்ணினான்:
'பத்தொம்பது. மாடு ஓட்டுறியா, மீன் புடிக்கிறியா?'

இருபதாவதில்,
பின்னால் போன கயிறு முழுசாக நீளும்வரை
ஒரு மூச்சு பொறுத்தேன்.
அவ்வளவுதான். போயிற்று.
கொக்கு இறங்குகிற மாதிரிகூட இல்லை,
கொக்கின் நிழல் இறங்குகிற மாதிரி.

நைனா தேடுவது ஸ்டீல்ஹெட்.
ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய்,
பிறந்த ஆற்றை மோப்பம் பிடித்துத் திரும்புமாம்.
எங்கள் கொடுவா தலைகீழ்.
முகத்துவாரத்து உப்பில் பிறந்து
நல்ல தண்ணீர் தேடி மேலே ஏறும்.
ஏறும் வழியில் இறக்கிவிட்ட ஷட்டர்.
தாலுகா ஆபீஸ் திறக்கட்டும் என்று
மனுவோடு நிற்கிறவர்கள் போல
இரும்பைப் பார்த்தபடி நிற்கும்.

அதில் ஒன்று, இருபத்தோராவது வீச்சில்,
திரும்பிப் பார்த்தது.

தண்ணீர் உடைந்தது. கோல் வளைந்தது.
நான் லைன்மேன் மாதிரி இறுக்கினேன்.
கம்பியென்றால் அதுதான் சரி.
நுனி நரம்பு பட்டென்று போனது.
இடும்பையன் எண்ணுவதை நிறுத்தியிருந்தான்.

கறுப்பில் இப்போது துணி காய்கிறது.
நான்கு விரல் தொய்வு விட்டுக் கட்டியிருக்கிறேன்.
ஜரிகை போன இடத்தை
பவுன்ராணி இன்னும் விரித்துப் பார்க்கவில்லை.

'மஞ்சள்' என்று நைனாவுக்குப் பதில் போட்டேன்.
மீனைப் பற்றிச் சொல்லவில்லை.
மூன்று பனிக்காலமாக
முழங்கால் விறைக்க நிற்கிறான்.
ஒன்றுகூடத் தொடவில்லையாம்.