அட்டவணை 3, இரண்டாம் நெடுவரிசை

உருகுவேயில் தசமத்துக்குக் காற்புள்ளி வைப்பார்கள்.
அரை மில்லிகிராம் என்றால்
சுழியம், காற்புள்ளி, ஐந்து.
காற்புள்ளிக்குக் கால் உண்டல்லவா,
மொந்தெவிதேயோவில் எழுதிய கட்டுரை
ஆங்கில அச்சுக்கு மாறிய ஏதோ ஓரிரவில்
அது இறங்கி நடந்துவிட்டது.
முன்னால் நின்ற சுழியத்தை
மதிப்பில்லாதது என்று மென்பொருள் துடைத்தது.
மிஞ்சியது ஐந்து.

வால்டெமார் பெந்தாங்குர் நான்கு வருடம் உழைத்த கட்டுரை.
குழந்தைகளின் ரத்தத்தில் அந்த மருந்து
எப்போது ஏறுகிறது, எப்போது வடிகிறது என்று
பிஞ்சுக் கைகளில் குத்திக் குத்திச் சேர்த்த எண்கள்.
முதல் மதிப்பாய்வாளர் மேற்கோள்கள் போதவில்லை என்றார்
(தன்னுடையவை மூன்றைச் சேர்க்கச் சொன்னார்).
இரண்டாமவர் ஐந்து மாதம் வாய் திறக்கவில்லை,
பிறகு ஒரே வரி:
‘மொழிநடையைச் சீர்செய்க.’
மெய்ப்பு ஒரு வெள்ளி மாலை வந்தது.
நாற்பத்தெட்டு மணி நேரம் கெடு.
சனிக்கிழமை பெந்தாங்குரின் மகளுக்குக் கல்யாணம்.
தன் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து
சரி என்று அனுப்பினார்.

சால்தோ. ஆற்றிலிருந்து ஜூலைக் குளிர் ஏறிவரும் மருத்துவமனை.
இரவு இரண்டு மணி.
மருந்தகத்தில் சுல்மா இரிகராய்
மாத்தே குடுவைக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது
சீட்டு வந்தது.
பதினொரு கிலோ பையன்.
கிலோவுக்கு ஐந்து மில்லிகிராம்.
பெட்டியிலிருந்து ஒரு குப்பி எடுத்தாள்.
இன்னொன்று. இன்னொன்று.
ஆறாவதில் கை நின்றது.
இருபத்திரண்டு வருடத்தில்
ஒரு குழந்தைக்கு ஆறு குப்பி எடுத்து வைத்ததாக
கைக்கு ஞாபகமில்லை.

தொலைபேசியில், மேல்மாடியிலிருந்து,
தூக்கம் தொலைத்த இளம் மருத்துவர்:
‘போன மாத இதழில் அச்சாகியிருக்கிறது.’
‘ஆகட்டும். நான் தரமாட்டேன்.’
‘மதிப்பாய்வு செய்த கட்டுரை அது.’
‘மதிப்பாய்வுதான் நானும் செய்துகொண்டிருக்கிறேன்.’

மாத்தே ஆறியது.
கட்டுரையைத் திறந்து அட்டவணையை விட்டுவிட்டு
பத்தி பத்தியாகப் படித்தாள்.
ஏழாம் பக்கத்தில், யாரும் போகாத ஒரு வாக்கியத்தின் நடுவில்,
எண்ணாக இல்லாமல் எழுத்தாகவே
‘அரை’ என்று உட்கார்ந்திருந்தது.
ஐந்து குப்பிகளைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள்.
ஆறாவதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே
மாடிக்குப் போனது.

இதழுக்கு அவள் எழுதிய கடிதம்
பதினொரு வாரம் மேசை மேசையாக அலைந்தது.
ஆசிரியர் ஒப்புக்கொண்ட மெய்ப்பு என்றது அச்சகம்.
அனுப்பியது சரியாகத்தான் அனுப்பினேன் என்றார் பெந்தாங்குர்,
அதுவும் உண்மைதான்.
‘பிழை’ என்பதா ‘திருத்தம்’ என்பதா என்று
குழு ஒரு பிற்பகல் முழுக்கப் பேசியது.
கடைசிப் பக்கத்தில், விளம்பரத்துக்குக் கீழே:

*அட்டவணை 3, இரண்டாம் நெடுவரிசை, நான்காம் வரி.*
*5 என்பதை 0.5 எனப் படிக்கவும்.*
*முடிவுகளில் மாற்றமில்லை.*
*சுட்டிக்காட்டிய வாசகருக்கு நன்றி.*

வாசகர்!
சுல்மா சத்தமாகச் சிரித்தாள்,
பக்கத்தில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தவன்
எண்ணிக்கை தவறி
முதலிலிருந்து ஆரம்பித்தான்.

பழைய பிரதி இன்னும் இருக்கிறது
எத்தனையோ மருத்துவர்களின் கைபேசிகளில்,
வெள்ளை அங்கிப் பைகளில் மடித்த தாள்களில்.
திருத்தம் அவர்களைத் தேடிப் போகவில்லை.
அதற்குக் கால் கிடையாது.

பையன் ஒரு வியாழக்கிழமை வீட்டுக்குப் போனான்.
அவன் முகம் அவள் பார்த்ததில்லை,
சீட்டில் படுக்கை எண் மட்டும்தான்: பதினான்கு.

இப்போதெல்லாம் அவள் போடும் காற்புள்ளியைப் பார்த்து
புதிதாக வந்த பெண்கள் கேலி செய்கிறார்கள்,
இவ்வளவு பெரிதா என்று.
மீன் தூண்டில் முள் அளவுக்கு
வளைத்து, இழுத்து,
தாள் கிழியக் கிழிய அழுத்தி
அவள் எண்ணை மாட்டுகிறாள்.