நைட் டூட்டி

இமல்டா பென்ஷன் வாங்கத் தொடங்கி ஒன்பது வருஷம்.
உடம்புக்கு மட்டும் இன்னும் ஆர்டர் வரவில்லை.

இரவு ஒன்பதே முக்காலுக்கு
முகம் கழுவி, தலை வாரி, கொண்டையில் ஊசி குத்தி,
ஃபிளாஸ்கில் கட்டஞ்சாயா நிரப்பி
பிரம்பு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுகிறாள்.
ரிமோட் பாலித்தீன் உறைக்குள்,
ரப்பர் பேண்டு இரண்டு சுற்று.
டிவி மேல் கிடக்கும் துணியை உருவி
நான்காய் மடித்து வைக்கிறாள்,
டிஸ்சார்ஜ் ஆன கட்டிலின் விரிப்பைப்போல.

சத்தம் கிடையாது.
நோயாளிகள் உறங்கும் நேரமாம்.
நோயாளி நான் ஒருத்தன்தான்.

முதலில் மலையாளச் செய்தி, அப்புறம் தமிழ்.
ஒரே மழையை இரண்டு பாஷையிலும் பார்த்தால்தான்
நாளை ரப்பர் வெட்ட ஆள் வருமா என்று சொல்வாள்.
வாசிக்கிற பெண்ணிடம்,
"கழுத்தப் பாரு பிள்ளே, தைராய்டாக்கும்.
நாலு மாசமா சொல்லுதேன்."

பதினொன்றுக்கு மேல் மறு ஒளிபரப்பு நாடகங்கள்.
அங்கேதான் அவள் வார்டு.
ஆக்சிஜன் வைத்தவள் பக்கம் பக்கமாய்ப் பேசுகிறாள்.
பாட்டிலில் சொட்டு விழவில்லை.
மானிட்டரில் கோடு நேராய்க் கிடக்க
மருமகள் காலைப் பிடித்து அழுகிறாள்.
ஒருநாள் தாங்காமல் எழுந்துபோய்
திரையில் கை வைத்து
டியூபின் உருளையைத் திருகப் பார்த்தாள்.
காலையில் கண்ணாடியில் விரல் தடம் இருந்தது.
நான் துடைக்கவில்லை.

இரண்டு மணிக்கு ரவுண்ட்ஸ்.
கேஸ் ரெகுலேட்டர், பின்கதவுத் தாழ், பிறகு நான்.
மணிக்கட்டில் இரண்டு விரல்.
திரையின் மூலையில் ஓடும் நேரத்தைப் பார்த்து
அரை நிமிஷம் எண்ணுகிறாள்.
கண்ணை மூடிக் கிடப்பேன்.
நாடியை உறங்கவைக்க எனக்குத் தெரியவில்லை.

இந்த வீட்டு மாடியில் அப்போது
தென்னைக்கு மேலே நின்றது ஆண்டெனா.
திருவனந்தபுரம் பக்கம் திருப்பினால் மலையாளம்,
கடல் பக்கம் திருப்பினால் இலங்கை.
தமிழ்நாடு எந்தப் பக்கம் என்று
கண்டுபிடிக்க எட்டு வருஷம் ஆனது.
ஞாயிற்றுக்கிழமைப் படம் பாதியில் நிற்க
ஏழு மணிக்கு அவள் தக்கலை ஆஸ்பத்திரிக்கு இறங்குவாள்.
ஏழேகாலுக்கு, தோளில் கண்டக்டர் பையோடு,
நான் வீடு ஏறுவேன்.
தொடக்கம் அவள் சொல்லி எனக்குத் தெரியும்.
முடிவு நான் சொல்லி அவளுக்கு.

எத்தனையோ பேரைத் துணி மூடிவிட்டு வருகிறவள்
காலையில் செருப்பைக் கழற்றாமலே கேட்பாள்,
"கடைசியில என்னாச்சு?"
நான் யாரையும் சாகவிடவில்லை.
குண்டு பட்டவன் எழுந்தான்.
கிணற்றில் குதித்தவளைத் தூக்கிவிட்டார்கள்.

இப்போது ஐந்து மணிக்கு
முளகுமூடு கோவில் மணி அடித்ததும்
ரிமோட் கை மாறும்.
நின்றபடியே ரிப்போர்ட் சொல்வாள்:
"வங்காள விரிகுடாவில தாழ்வு, விலகிப் போவுது.
ரப்பர் ரெண்டு ரூவா இறக்கம்.
எட்டரை நாடகத்துக் கெழவி கண்ணு முழிச்சாச்சு."

இன்று அதோடு போகவில்லை.
"ராத்திரி ஒரு பழைய படம் போட்டான்.
மலைப்பாதையில பிரேக் போன லாரிக்காரன்.
தப்பிச்சிட்டான்னு அன்னைக்கு சொன்னீங்க."

"ஆமா."

"தப்பிக்கல்ல."

ஃபிளாஸ்கைக் கவிழ்த்தாள்.
மூடியில் ஒரு வாய் தேறியது. என்னிடம் நீட்டினாள்.
"அப்பம் மத்தவங்க?"

நான் சத்தத்தைக் கூட்டினேன்.
வாழைக்கன்றுக்கும் வாழைக்கன்றுக்கும் நடுவே
எத்தனை அடி விடவேண்டும் என்று
யாரோ ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார்.
அவள் போகவில்லை. நாற்காலிக் கையில் உட்கார்ந்து
என்னோடு அதையும் பார்த்தாள்.