தேடு, மாற்று

சித்தூர் கேட்டில் கடை. எட்டடிக்குப் பத்தடி.
ஒரு கணினி, ஒரு ஜெராக்ஸ், அனலையே திருப்பித் தரும் ஃபேன்.
கத்திரியில் தேர்தல் வைத்தவன்
குடியாத்தத்தில் ஒரு நாளும் குடியிருந்திருக்க மாட்டான்.

மூன்று மணிக்குத் தணிகாசலம் வந்தார்.
ஒன்பது வருடமாக அவர் மேடையில் முழங்குவது
நான் அடித்துக் கொடுக்கும் தாள்.
வேட்டியின் கரை மாறியிருந்தது,
விலைச்சீட்டு இன்னும் மடிப்பில்.

"இன்னா ஷாகிரா, பாத்துக்கினே கீற?
அதே பேச்சுதான்.
குடை வர்ற எடத்துல சாவி போடு,
சாவி வர்ற எடத்துல குடை.
தியாகி, துரோகி, ரத்தம், மானம் எல்லாம்
அதது எடத்துலயே இருக்கட்டும்."

நேராக மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.
நடுவில் யாருடையதுமல்லாத ஒரு பெயர் வேண்டும்.
என் மகன் பெயரை அடித்தேன்.
ஏழையின் தலைக்கு மேல் ஜுபேர்,
மழையிலும் வெயிலிலும் விரியும் ஜுபேர்
என்று திரையில் ஓடியது பேச்சு.
அந்தப் பத்து விநாடி
எனக்கும் ஒரு கட்சி இருந்தது.

நாற்பத்தேழு இடங்களில் மாற்றப்பட்டது, என்றது கணினி.
நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டேன்.

இரவு, பேருந்து நிலையத்தருகே மேடை.
கடையைப் பூட்டியபோது ஒலிபெருக்கியில் கேட்டது:
"அவர்கள் நமக்குக் கொடுத்த சாவிச்சல் கொஞ்சமா!
சாவிசாய்ந்த வண்டியாய்க் கிடக்கிறதே நகராட்சி!"
பூட்டில் சாவியோடு நின்றுவிட்டேன்.
குடைச்சலுக்குள் ஒரு குடை இருப்பதை
கணினி பார்த்தது, நான் பார்க்கவில்லை.

கூட்டம் ஒரு கணம் விழித்தது.
பிறகு எங்கோ ஒரு விசில்.
பிறகு கைதட்டல்.

மறுநாள் பால் வாங்கப் போனால்
"இன்னாய்யா காலங்காத்தால சாவிச்சல்" என்கிறான் ஒருவன்.
வெள்ளிக்கிழமை குடைக்காரர்கள் பதில் கூட்டம் போட்டார்கள்:
சாவிச்சல் கொடுப்பவர் யார் என்று நாடறியும்.
பீடி சுற்றும் சகுந்தலாவைக் கேட்டேன், யாருக்குப் போடப்போகிறாய்.
"முடிவு பண்லக்கா. அந்த வார்த்தை நல்லாக் கீது."

ஒஹாயோவிலிருந்து தம்பி பேசினான்.
அங்கும் தேர்தலாம்.
பக்கத்து வீட்டுக்காரர் இருபது வருடப் பலகையைப் பிடுங்கிவிட்டு
புல்தரையில் எதிர்க்கட்சிப் பலகையை நட்டிருக்கிறார்.
"பலகைதான்க்கா புதுசு. திட்டு பழசு.
அப்ப ரோட்டுக்கு அந்தப் பக்கம் பாத்துத் திட்டுவாரு,
இப்ப இந்தப் பக்கம்."
சிரித்தோம். பிறகு அவன் சிரிக்கவில்லை.
அந்தப் பக்கத்தில் அவன் வீடு இருக்கிறது.

வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் முன்பு
தணிகாசலம் மறுபடி வந்தார்.
கரையில்லாத வெறும் வெள்ளை வேட்டி.
வாசற்படியிலேயே நின்று
தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பழசு வெச்சிக்கினுதானே கீற?
அழிச்சிடலயே?"