நாற்பது தப்படி

என் மேசையிலிருந்து அவர்கள் கதவுக்கு
நாற்பது தப்படி.
நான் அனுப்பும் சொல் போய்ச்சேர
இருபத்திரண்டு நிமிடம்.
அப்படித்தான் அமைத்திருக்கிறோம்,
வலிநோக்கத்தில், உப்புக் கம்பெனி கைவிட்ட கிட்டங்கியில்.
உள்ளே நான்கு பேர்
செவ்வாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இன்று இருநூற்றுப் பதின்மூன்றாம் நாள்.
சன்னல் இருந்த இடத்தில் திரை; திரையில் கறுப்பு;
கறுப்பில் நாங்கள் குத்திய விண்மீன்கள்.
கடல் கேட்டுவிடக் கூடாதென்று
இரவும் பகலும் இரைகிறது ஒரு மின்விசிறி.
அப்படியும் கச்சான் அடித்த மாதத்தில்
தகர இடுக்கு வழியே மணல் நுழைந்துவிட்டது.
"கலத்துக்குள் கடற்கரை மணல். விளக்கம் தேவை"
என்று எழுதினார் தலைவர் நாச்சம்மை.
நாங்கள் விளக்கவில்லை.
அவரே பெருக்கி, எடைபோட்டு, குறித்துவைத்தார்:
பதினோரு கிராம்.

இரவு ஒன்பது மணிக்குக் கேள்வி அனுப்புவது என் வேலை.
ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லவும்:
தூக்கம். பசி. மனநிலை.
இன்று யாரோடு பேசப் பிடிக்கவில்லை?

நூற்று நாற்பத்தோராம் நாள்
இஞ்ஞாசி மூன்று பக்கம் எழுதினார்,
முழுக்க ஒரு கரண்டியைப் பற்றி.
பரக்கத்து தின்று முடித்த தட்டை
ஐந்து முறை சுரண்டுகிறானாம்.
நான்கோடு நிறுத்தினால் மன்னித்துவிடுவேன்,
ஆறானாலும் போகட்டும்,
தினமும் ஐந்து, அதெப்படி ஐந்து?

படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.
கோபத்தை எண்ணத் தெரிந்தவன் தப்பித்துக்கொள்வான்.

பயம் பிறகுதான் வந்தது.
கரண்டி காணாமல் போயிற்று.
தூக்கம் ஏழு. பசி ஏழு. மனநிலை ஏழு.
யாரோடு பேசப் பிடிக்கவில்லை? அப்படி ஒன்றுமில்லை.
நாற்பது நாளாய் ஏழும் ஏழும் ஏழும்
வெறும் வெயிலில் கிடக்கும் பாத்திகளாய்.

காவலுக்கு இருக்கும் பூமிராசு என்னைவிட இளையவன்.
இரண்டு வருடம் தங்குகடல் போட்டில் போனவன்.
"நாலாம் நாளே பக்கத்துல இருக்கவன்
மூச்சு விடுறது குத்தமாத் தெரியும் மேடம்.
சண்ட போடுறவன் கரைக்கு வந்துருவான்.
எல்லாத்துக்கும் சரிண்ணேங்கறான் பாருங்க,
அவனத்தான் ராவுல
அணியத்துப் பக்கம் தனியா விடமாட்டோம்."

'பிற குறிப்புகள்' கட்டத்தில் இதை ஏற்றினேன்.
பெங்களூரிலிருந்து பதில் வந்தது:
ஆதாரம் என்ன?

இன்றும் வந்தது ஏழுகள்தான்.
அடியில், இடம் மிச்சமிருந்த மூலையில்,
ஒரு வரி:
"இரவுப் பணியில் இருப்பவரே, உங்கள் எண் என்ன?"

போன் நம்பரை அல்ல அவர் கேட்டது.
ஏழு மாதத்தில் என்னை யாரும் கேட்காததை.
இரவெல்லாம் இந்த நாற்காலி.
பகலில் சன்னலைத் துணியால் அடைத்துத் தூக்கம்.
பரமக்குடியிலிருந்து அம்மா கூப்பிட்டால்
'நல்லாத்தான் இருக்கேன்' என்கிறேனே,
அதுவும் ஏழுதான்.
என் மேசையும் கடலுக்கு முதுகு காட்டித்தான் கிடக்கிறது.
கடைசியாய் எப்போது கால் நனைத்தேன்?

எட்டு என்று அடித்தேன். அழித்தேன்.
விரல் தானாக ஏழுக்குப் போனது.
பிடித்து இழுத்து
நான்கு என்று எழுதி
அனுப்பிவிட்டு எழுந்தேன்.

வெளியே வாடை.
உடைமரங்களுக்கு மேலே
நாங்கள் குத்தாத விண்மீன்கள், கண்டபடி.
எண்ணிக்கொண்டே நடந்தேன்.
முப்பத்தேழிலேயே சுவர் வந்துவிட்டது.
அளந்தவர்களின் தவறா, என் அவசரமா, தெரியவில்லை.
கதவைத் தட்டவில்லை.
தகரத்தில் காது வைத்தேன்.

விசிறி.
விசிறிக்கு அடியில்
யாரோ தட்டைச் சுரண்டுகிறார்கள்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்கு.

என் சொல் போய்ச்சேர
இன்னும் பத்தொன்பது நிமிடம்.