பச்சை விளக்கு

பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு எரிந்தது.
அதை நம்பித்தான் பல்லடத்தில் முன்பணம் கொடுத்தேன்.
தொண்ணூற்றெட்டாம் வருஷத்து எஸ்டீம். சாம்பல் நிறம்.
விற்றவர் கோழித்தீவனத் தரகர்.
"ஏ.சி. இருக்குதுங்க, கேஸ் மட்டும் பத்தாது."

பானெட்டைத் திறந்த சையது இப்ராகிம்
நெடுநேரம் எதுவும் சொல்லவில்லை.
"கேஸ் ஊத்த
ஒரு பாத்திரமாவது வேணுமில்லீங்க?"

கம்ப்ரசர் இருந்த இடத்தில்
காய்ந்த வேப்பிலை, பல்லி முட்டை ஓடு.
கண்டன்சரைக் கழற்றியவன்
போல்ட்டைக்கூட விட்டுவைக்கவில்லை.
டேஷ்போர்டுக்குள் கூலிங் காயில் மட்டும்
எட்டாத கைக்குத் தப்பிக் கிடந்தது.
விளக்குக்குப் போகும் ஒயர்
நன்றாகவே இருந்தது.

நான் திருப்பூரில் நிட்டிங் மிஷின் ஊசி விற்பவள்.
பெருமாநல்லூர், அவிநாசி, ஊத்துக்குளி,
மதிய வெயிலில் பெட்டியோடு அலைச்சல்.
வியர்த்த விரல் பட்ட ஊசி மறுவாரம் துரு காட்டும்,
பில்லோடு திரும்பி வரும்.
சொகுசு கேக்குதா என்ற நாத்தனாரிடம்
இதைச் சொல்லிப் பார்த்தேன்.
சிரித்தாள்.

கரூரில் கிடைத்த கண்டன்சருக்கு
ஃபின் எல்லாம் படுத்துக் கிடந்தது.
அதை வாருவதற்கென்றே ஒரு சீப்பு உண்டு.
சையது ஒரு சாயங்காலம் முழுக்க வாரினார்,
பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கிளப்புகிறவர் மாதிரி.
கம்ப்ரசர் உக்கடத்தில்:
கிணத்துக்கடவில் பனைமரத்தில் மோதிய வண்டியினுடையது.
மோதியது பின்பக்கம்தான் என்று
மூன்று முறை சத்தியம் செய்தார்கள்.

மாட்டத்தான் வழியில்லை.
பிராக்கெட் எங்கேயும் இல்லை.
உள்ளங்கை அகல இரும்பு, அவ்வளவுதான்,
அதுக்காக ஒன்பது நாள்.
கடைசியில் கணபதியில் லேத் வைத்திருக்கும் தேவசகாயம்
என் ஊசி டப்பாவின் மூடியை வெட்டி அளவெடுத்து
பம்புசெட்டுக்கு மிஞ்சிய தகட்டில்
ஒருமுறை தப்பி, மறுமுறை பொருந்த
அடித்துக் கொடுத்தார்.

கேஸ் ஏற்றிக் காங்கயம் போகையில்
படியூர் தாண்டிப் பின்சக்கரம் இறங்கியது.
பஞ்சர் கடையில் காற்றடிக்கும் மிஷின்:
மோட்டார், பெல்ட்,
ஒரு கார் ஏ.சி. கம்ப்ரசர்,
அதனடியில்
ஒன்பது நாள் நான் தேடிய பிராக்கெட்.
"பல்லடத்துல கோழித்தீவனக்காரரு ஒருத்தரு குடுத்ததுங்க.
ஏழு வருஷமாச்சு. லாரிக்கே சலிக்காம ஊதும்."

கேட்டிருக்கலாம். விலை பேசியிருக்கலாம்.
என் காரின் கம்ப்ரசர்
என் காரின் டயருக்குள்
ஊதிக்கொண்டிருந்தது, முப்பது பவுண்டு வரைக்கும்.
ஒன்றையொன்று தெரிந்த மாதிரி
இரண்டும் காட்டிக்கொள்ளவில்லை.
ஐம்பது ரூபாய்க்குச் சில்லறை இல்லை என்றார்.
இருக்கட்டும் என்றேன்.

காங்கயத்தில் மில் வாசலில் நிறுத்தினால்
காருக்கடியில் ஈரம்.
பதறிப் போன் அடித்தேன்.
"என்ன நிறமுங்க?"
நிறமில்லை.
"வாசம்?"
இல்லை.
"அப்பத் தண்ணிதானுங்க. காத்துல இருந்தது."

அந்த மில்லில்
ஆயிரத்து இருநூறு அடிக்குப் போர் போட்டுப்
புழுதிதான் வந்தது.
வாட்ச்மேன் குனிந்து பார்த்தார்,
விரலால் தொட்டு முகர்ந்தார்.
உள்ளே போய்
தூக்குப்போசி மூடியை எடுத்துவந்து
சொட்டு விழும் இடத்துக்கு நேராக
நகர்த்தி வைத்தார்.