ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்

கேன்டீனில் அறுபத்து மூன்று பேர்.
நாற்காலி கிடைக்காதவர்கள் ஜன்னல் விளிம்பில்.
டப்ளின் தலைமையகம் அனுப்பிய இருபத்தெட்டுப் படங்களை
டிம்ப்னா காலகன் காட்டத் தொடங்கி
நான்காவதில் நிறுத்தினாள்.
மேலே ஏறும் பச்சை அம்புக்குறி ஒன்று.
"இதை வரைந்தவர் இந்தச் சேற்றில் கால் வைத்ததில்லை" என்றாள்.
யாரும் சிரிக்கவில்லை.

"முற்றாத நிலக்கரி இது.
முற்ற விடாமல் வெட்டியவர்கள் நாம்.
ஜூனுக்குப் பிறகு வெட்டுவதில்லை.
வடிகால்களை அடைக்கிறோம்:
இதே ஆட்கள், இதே இயந்திரங்கள்.
சம்பளம் இரண்டு வருடத்துக்கு உறுதி.
மூன்றாவது வருடம் எனக்குத் தெரியாது.
தெரிந்ததுபோல் சொல்லத்தான்
அந்த அம்புக்குறி."

ஃபெர்கல் எழுந்தான்.
"முப்பத்தொரு வருடம் தண்ணீரை வெளியேற்றச் சம்பளம் தந்தீர்கள்.
இனி உள்ளே விடவா?"
"ஆமாம்."
"இரண்டில் எது தவறு?"

காப்பி இயந்திரம் ஒருமுறை இருமி அடங்கியது.
"நீ வெளியேற்றியதில்தான்
ஆஃபலி முழுக்கக் குளிர் காய்ந்தது.
தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது."
அதற்கு மேல் அவளும் போகவில்லை.

கரிமண் மீண்டும் வளருமா என்று யாரோ கேட்டார்கள்.
வளரும், ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்.
நாம் எடுத்தது நான்கு மீட்டர்.
பின்வரிசையில் விரல்விட்டுக் கணக்குப் போட்ட ஒருவன்,
"நாலாயிரம் வருடமா! ஓவர்டைம் உண்டா?" என்றான்.
அப்போதுதான் அறை சிரித்தது.

பத்தொன்பது பேர் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.
பட்டியலில் அவர்களை அடித்தவன் நான்.
பதினோராவது பெயர் என் தம்பி.
இன்றும் கிறிஸ்துமஸுக்கு வருகிறான்,
வேலையைப் பற்றிக் கேட்பதில்லை.

நவம்பர் மழையில்
பொறியாளர்கள் விரித்த வரைபடத்தை
ஃபெர்கல் வெகுநேரம் பார்த்தான்.
"இங்கே இன்னொரு வடிகால் இருக்கிறது.
நான்தான் வெட்டினேன். எழுதிவைக்கவில்லை."
அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அடைத்தாலும்
நீர் நிற்காது.
அன்று முதல் எதை முதலில் அடைப்பது என்று அவன் சொன்னான்.
டிம்ப்னா ஈரக் காகிதத்தில் எழுதிக்கொண்டாள்.
அவன் ஒப்புக்கொண்டானா என்று
அவள் கேட்கவில்லை. நல்லவேளை.

மார்ச்சில் நீர் நின்றது,
பழுப்பாக, முகம் காட்டாமல்.
ஃபெர்கல் ஓர் இரும்புக் கம்பியை நட்டுக் கோடு கிழித்தான்.
ஒவ்வொரு மார்ச்சிலும் ஸ்கேலோடு போய்க் குனிகிறான்.

இதுவரை மூன்று வரி.
மூன்றிலும் அவன் கையெழுத்து,
தேதி, பிறகு
"ஒன்றும் தெரியவில்லை."

அலமாரியில் இருக்கிறது பதிவேடு.
மீதி நூற்றுத் தொண்ணூறு பக்கங்களுக்கும்
நானே கோடு போட்டு வைத்திருக்கிறேன்.