இதரச் செலவுகள்

இருபத்திரண்டு வருடம்
சுல்மா எச்செனிக்கேயின் கணக்கை எழுதினேன்.
மொந்தேவிதேயோவில், பல்மருத்துவர் ஒருவரின் மாடியில் எங்கள் அலுவலகம்.
அவள் பேரம் பேசும்போதெல்லாம்
கீழே யாருடைய கடைவாய்ப் பல்லையோ துளைக்கிற சத்தம்
தொலைபேசிக்குள் போகும்.
"செட் போடுகிறார்கள்" என்பாள், கூசாமல்.

பகலில் அவள் தொலைக்காட்சிக்காரி.
மாட்டுச் சந்தை நிலவரம்,
ஞாயிற்றுக்கிழமை சமையல் போட்டி,
ஜலதோஷம் பிடித்த ஆமை ஒன்றின் பொம்மைத் தொடர்.
ஆமைதான், ஆனாலும் நாற்பது வாரம் ஓடியது.
ஆமை சேர்த்ததையெல்லாம்
ராத்திரியில் ஒரு சினிமா தின்றது.

இயக்குநர் மூடுபனி கேட்டார்.
மூடுபனிக்கு ரசீது கிடையாது.
அதற்காக முப்பத்தோரு பேர் காத்திருந்த மூன்று நாளுக்கு உண்டு:
ரொட்டி, பன்றிக்கறி, மாத்தே இலை, ஈர விறகு,
தாக்குவாரெம்போ பக்கம் வாடகைக்கு எடுத்த
சொர்சால் என்ற குதிரை,
குதிரையை விட்டு நகர மறுத்த
அதன் சொந்தக்காரர் எவரிஸ்தோ லெமோஸுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு.

நாலாம் நாள் பனி வந்தது.
பணம் போயிருந்தது.
காரில் ஊருக்குள் போன சுல்மா
முட்டை லாரியில் திரும்பி வந்தாள்.
அன்றிரவு எல்லோருக்கும் கூலி கிடைத்தது.
நான் எதுவும் கேட்கவில்லை.
வரவுப் பக்கத்தில்
"பெஜோ, பச்சை, ஒன்று" என்று எழுதிக்கொண்டேன்.

படம் முடிய மூன்று வருடம்.
அதற்குள் இயக்குநருக்குக் கல்யாணமாகி, முறிந்து,
மறுபடி ஆகிவிட்டது.
பெரிய விழாக்கள் இரண்டு
மரியாதையாக மறுத்து எழுதின.
இன்னொன்று மரியாதையும் இல்லாமல்.

முதல் காட்சிக்குப் பன்னிரண்டு பேர்.
எண்ணுவது என் தொழில், எண்ணினேன்.
மழை கோட்டைக் கழற்றாமல்
நாலாவது வரிசையில் எவரிஸ்தோ.
ஆறு மணி நேரம் பேருந்தில்
குதிரையைப் பார்க்க வந்திருக்கிறார்.

சுல்மா என் முழங்கையைப் பிடித்தாள்.
குதிரை வருகிற காட்சி
வெட்டு மேசையிலேயே போய்விட்டிருந்தது.
நீளம் கருதி.
தொண்ணூற்று நான்கு நிமிடமும் அவள்
திரையைப் பார்க்கவில்லை,
அந்தக் கோட்டின் முதுகைப் பார்த்தாள்.

விளக்கு எரிந்ததும் தானே போனாள்.
"எடுத்துவிட்டோம்.
அவன் நன்றாகத்தான் நடித்தான். தப்பு எங்களுடையது."

"வந்தானே" என்றார் அவர்.
"அந்தப் பெண் கடிதத்தை மடிக்கும்போது
ஜன்னலுக்கு வெளியே ஒரு கனைப்பு.
அது சொர்சால்.
போன ஆனி மாதம் செத்துப்போனான்.
குரல் எனக்குத் தெரியாதா?"

பிறகு, தொப்பியைச் சரிசெய்தபடி:
"உடம்புக்குத்தான் வாடகை பேசினோம்.
குரலுக்குப் பேசவில்லை."

சிரித்தாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.
சுல்மா சிரிக்கவில்லை. பையைத் திறந்தாள்.
மறுநாள் காலை என் மேசையில்
சீட்டின் பின்புறம் எழுதி வாங்கிய ரசீது.
இதரச் செலவுகளில் ஏற்றினேன்:
கனைப்பு, ஒன்று. அறுநூறு பெசோ.

வருடக் கடைசியில்
வரி ஆய்வாளர் அந்த வரியில் விரலை வைத்தார்.
கீழே பல் துளைக்கிற சத்தம்.
நான் விளக்கம் தேடி வாயைத் திறப்பதற்குள்
"வந்து கேளுங்கள்" என்றாள் சுல்மா,
"வியாழக்கிழமை வரை ஓடுகிறது."

வந்தார்.
காசு கொடுத்துத்தான் வந்தார்.
வரவில் வைத்தேன்.